மணி அடிக்காத வாக்கியம்

மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியதும் என்னை நிறுத்தி விசாரித்தவர் ஒரு சுங்க அதிகாரி. என்னை என்பதைவிட, நான் கைக்குழந்தைபோல இடுக்கிக்கொண்டிருந்த மரப்பெட்டியை என்று சொல்வதுதான் சரி. "இது என்னம்மா, ஆர்மோனியமா?" என்றார். இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் பெட்டி என்றேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

"நீங்களே எழுதிப் பாருங்களேன்" என்று பெட்டியை அவர் மேசைமேல் வைத்தேன். மூடியில் இரண்டு சின்னச் சன்னல்கள். ஒன்றில் படத்தோடு ஒரு கேள்வி தெரியும். மற்றதில் ஒரே ஒரு வரி எழுதும் அளவுக்குக் காகிதம் தெரியும். பதிலை எழுதிக் கைப்பிடியைச் சுற்றினால், எழுதியது கண்ணாடிக்கு அடியில் போய்விடும். பிறகு திருத்த முடியாது. சரியான பதில் அதற்கு மேலே வந்து நிற்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பக்கத்துக் குமிழை அழுத்தலாம், கணீரென்று மணி அடிக்கும்.

அதிகாரி நாற்காலிப் படத்துக்குப் பதில் எழுதினார், சுற்றினார், குமிழை அழுத்தினார். மணி அடித்ததும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்தது, அதற்கடுத்தது என்று அவர் போய்க்கொண்டே இருக்க, என் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு கேள்வியில் தவறியதும் அவருக்கு முகம் தொங்கிவிட்டது. "இதுக்கெல்லாம் வரி கிடையாது, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று பெட்டியைத் தள்ளினார்.

பினாங்கில் எங்கள் மாலைப் பள்ளியில் இப்படி இரண்டு பெட்டிகள் இருந்தன. பகலெல்லாம் உழைத்துவிட்டு இங்கிலீஷ் படிக்க வருகிறவர்கள் ஏராளம், ஆசிரியர்கள் குறைவு, ஆகையால் பெட்டிகள். எங்கள் தலைவர் பிறந்தது ராயபுரத்தில். அங்கே மாதாகோயில் மண்டபத்திலும் ஒரு மாலைப் பள்ளி நடப்பதால், இரண்டில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. கொண்டுபோய்ப் பழக்கிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகுட்டி இல்லாத ஆசிரியை நான் ஒருத்திதான். யாரும் என்னைக் கேட்கக்கூட இல்லை, டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

துறைமுக வாசலில் என்னை அழைத்துப்போக சவரி வந்திருந்தார். கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் விஞ்சு ஓட்டுகிறவர், மாலைப் பள்ளியின் மூத்த மாணவர். தூண்போல நின்று இங்கிலீஷில் வரவேற்றார். "நல்வரவு. நான் சவரி. நான் விஞ்சு ஓட்டுகிறேன். எனக்கு மகிழ்ச்சி." அத்தோடு இங்கிலீஷ் முடிந்தது. ரிக்‌ஷாவில் ஏறியதும் தமிழ் ஆரம்பித்தது.

"நம்ம வூடு ரொம்ப தூரம்னு நெனச்சிக்காதீங்கோ டீச்சரம்மா, அதோ தெரிதே கோயிலு, அத்தத் தாண்டி ஒடிச்சா ஒரு சோடாக்கட வரும், அந்தக் கடக்காரன் எம் மச்சான்தான், ஆனா நான் அவங்கிட்ட பேசறதில்ல, ஏன்னா எங்க கல்யாணத்துல அவன் இன்னா பண்ணான்னு கேட்டீங்கன்னா..." இப்படியே ராயபுரம் ஸ்டேஷன் வந்துவிட்டது. வாக்கியம் முடிந்தபாடில்லை.

நான் தங்கியது அவர் வீட்டு மாடி அறையில். சவரியின் மனைவி லூர்து, ஊரை விலைக்கு வாங்கும் வாய். முதல் சில நாள் அவள் தமிழை எனக்குத் தமிழில் விளக்க ஆள் தேவைப்பட்டது. "இன்னா டீச்சரம்மா, முழிச்சிகினு கீறீங்க? துன்னுங்கோன்னா துன்னணும்" என்பாள். துன்னுவதில் எனக்குக் குறையில்லை. பினாங்கில் மீனைப் புளியும் இஞ்சிப்பூவும் போட்டு நூடுல்ஸோடு தருவார்கள். அதற்கு ஈடு உலகத்தில் இல்லை என்று வாதாடி வந்தவள் நான். லூர்துவின் நெத்திலிக் குழம்பு என் வாதத்தை அடக்கிவிட்டது. மறுநாள் பழையதில் அதே குழம்பை ஊற்றிக் கொடுத்தபோது நான் பினாங்கைப் பற்றிப் பேசவே இல்லை. காப்பி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கோப்பி கறுப்பாக, கெட்டியாக, ஆளை எழுப்பி உட்கார வைக்கும். இங்கே அதைப் பாலில் குளிப்பாட்டித் தாலாட்டி விடுகிறார்கள்.

மண்டபத்தில் பெட்டியை வைத்த முதல் மாலையே ஒரு சிக்கல். பினாங்கில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார். தனியாக எழுதி, தனியாகத் தவறி, தனியாகத் திருத்திக்கொள்வதற்காகவே செய்த பெட்டி அது. இங்கே ஒருவர் உட்கார்ந்தால் பத்துப் பேர் தோளில் சாய்ந்தார்கள். கேரம்போர்டைச் சுற்றி நிற்பதுபோல ஒரே கூச்சல். "ஒத்துங்கப்பா, மெய்யாலுமே எனக்குத் தெரியும்" என்று எழுதுகிறவர் கத்த, மணி அடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் விரட்டிப் பார்த்தேன். மண்டபத்துச் சன்னல் வழியாகப் பதில் சொன்னார்கள்.

சவரிக்குப் பெட்டி வசப்பட்டுவிட்டது. சன்னலில் ஒரு வரிதானே கொள்ளும், அதற்குள் அடங்குகிறமாதிரி வெட்டி வெட்டி எழுதுவார். மணிமேல் மணியாக அடிக்கும். பிழையே இல்லை. இவர்தான் என் பெருமை என்று தலைவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சவரி ஏன் இப்படி மாடாய்ப் படிக்கிறார் என்று ஒருநாள் லூர்து மீன் கழுவிக்கொண்டே சொன்னாள். அவருடைய உயிர்த் தோழர் தனபால், அதே கப்பல் மேடையில் மூட்டை தூக்குகிறவர். சில வாரங்களுக்கு முன் கோதுமை மூட்டைகளை விஞ்சு தூக்கும்போது கயிறு அறுந்து, தனபாலின் கால்மேல் மூட்டைகள் விழுந்துவிட்டன. கொக்கிக்கு அடியில் நின்றது அவர் கவனக்குறைவு என்கிறார் கண்டிராக்டர். விசாரணையில் அப்படியே முடிவானால் நஷ்டஈடு இல்லை, திரும்ப வேலையும் இல்லை. விஞ்சில் இருந்தவர் சவரி. அவர் சொல்லும் சாட்சியம்தான் எல்லாம்.

"தமிழ்ல சொல்லலாம்ல?" என்று கேட்டேன்.

"சொல்லலாம். அத்த இங்கிலீசுல எழ்தறது கண்டிராக்டரு வூட்டு குமாஸ்தா. இவரு போன தபா ஒண்ணு சொன்னாரு, அவன் வேற ஒண்ணு எழ்திக்கினான். அதான் நானே எழ்தறேன்னு குந்திக்கினு கீறாரு."

எனக்கு உடனே தனபாலைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவர் வீடு இருக்கும் எர்ணாவூருக்குச் சவரியோடு பஸ் ஏறினேன். டோல்கேட் வந்ததும் பஸ் இருமி நின்றுவிட்டது. கண்டக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்கள் தாமாக இறங்கிப் பின்னால் போனார்கள். பினாங்கில் பஸ் நின்றால் இறங்கிக் குடையை விரித்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்போம். இங்கே எல்லாரும் தள்ளும்போது நான் மட்டும் மகாராணிபோல உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் இறங்கிக் கை கொடுத்தேன். "அம்மா, நீங்கோ தள்றீங்களா, சாஞ்சிகினு கீறீங்களா?" என்றார் பக்கத்தில் ஒருவர். வண்டி கிளம்பியதும் ஓடி ஏறியதில் என் செருப்பு ஒன்று டோல்கேட்டோடு தங்கிவிட்டது.

தனபால் கயிற்றுக்கட்டிலில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், வலியிலும் சிரிக்கிற கண். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, எனக்கும் ஒரு காலு, ஒங்களுக்கும் ஒரு காலா" என்றார். பக்கத்துத் தெருவில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் விற்கும் அத்தோ நூடுல்ஸ் வாங்கிவரச் சொன்னார். வாயில் வைத்ததும் எனக்குப் பினாங்குக் கடைத்தெரு வந்துவிட்டது. மூன்று பேரும் வழித்துத் தின்றோம். சவரி கிளம்பும்போது தனபாலின் கட்டுமேல் கையை வைத்து, "ஒண்ணும் பேஜாரு இல்ல, நான் கீறேன்" என்றார். அந்தக் கை சற்று அதிக நேரம் அங்கேயே இருந்ததைக் கவனித்தேன்.

அன்றே சவரிக்காகப் பெட்டிக்குள் சுற்றும் கேள்வி பதில் சுருள் ஒன்று புதிதாக எழுதினேன். என்ன அறுந்தது? கயிறு அறுந்தது. யார்மேல் மூட்டை விழுந்தது? தனபால்மேல் விழுந்தது. அவர் எங்கே நின்றார்? கொக்கிக்கு அடியில் நின்றார். ஒவ்வொன்றும் ஒரு வரி. சவரி மாலைதோறும் எழுதினார், மணி தவறாமல் அடித்தது. விசாரணைக்கு ஆயத்தமாகிவிட்டார் என்றுதான் நான் நம்பினேன்.

விசாரணைக்கு முதல்நாள் ஆயுத பூஜை. கடைசியாக ஒருமுறை பெட்டியில் பழகலாம் என்று மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தேன். சவரியும் லூர்துவும் வந்திருந்தார்கள். வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. தனபால் ஊன்றுகட்டையோடு இறங்கினார், தோளில் தொங்கிய பையில் சந்தனம், குங்குமம், பூசணிக்காய். ஆண்டுதோறும் சவரியின் விஞ்சுக்குப் பொட்டு வைத்துப் பூசணிக்காய் உடைப்பது தனபால்தானாம். இந்த ஆண்டு அவரைத் துறைமுக வாசலுக்குள் விடவில்லை.

"ஒங்க வீடு வேதக்காரங்க வீடாச்சே?" என்று லூர்துவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"விஞ்சுக்கு இன்னா ஞானஸ்நானமா குடுத்துக்கீது?" என்றாள்.

தனபால் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சவரியைக் காட்டினார். "மாமு நாளிக்கு எனக்கோசரம் சண்ட போடப்போறது எத்த வச்சி? இந்தப் பொட்டிய வச்சிதான? அப்ப இதான் ஆயுதம்" என்று நேரே பெட்டியிடம் போனார். நான் தடுப்பதற்குள் இரண்டு சன்னல்களின் மேலும் கட்டைவிரலால் சந்தனத்தை இழுத்துவிட்டார். நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டி, வாசலில் பூசணிக்காயையும் உடைத்தாயிற்று.

ஈரத்துணி எடுத்துக்கொண்டு வந்தேன். லூர்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "பூச போட்டத இன்னிக்குத் தொடக்கூடாது டீச்சரம்மா. அதுக்கு இன்னிக்கு லீவு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மறுநாள் ஒரு மனிதருடைய பிழைப்பு தீர்மானமாகப் போகிறது, இவர்கள் மரப்பெட்டிக்கு விடுமுறை கொடுக்கிறார்கள். சத்தம் போட்டுவிட்டேன். லூர்து துணியைத் திருப்பித் தரவில்லை. நால்வருமாக உட்கார்ந்திருந்தோம். தனபால்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இத்தினி நாளா எழ்துனீங்களே, எனக்கு ஒருதபா தமிழ்ல சொல்லுங்கோ. கேட்டுக்கறேன்."

மனப்பாடமாகத் தமிழில் சொன்னேன். கயிறு அறுந்தது. மூட்டை விழுந்தது. தனபால் கொக்கிக்கு அடியில் நின்றார். தனபால் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"அல்லாம் நெஜந்தான்" என்றார். "நான் ஏன் அங்க போயி நின்னேன்னு ஒர்த்தரும் கேக்கலியே."

நான் எழுதிய சுருளில் அந்தக் கேள்வி இல்லை. அதற்குப் பதில் எழுதியிருந்தாலும் சன்னலுக்குள் அடங்கியிருக்காது. அந்த வரிகளை அப்படியே விசாரணையில் கொடுத்திருந்தால் கண்டிராக்டர் எங்களுக்கு மாலை போட்டிருப்பார்.

சவரி எழுந்துபோய் ஒரு முழுத்தாளையும் பேனாவையும் எடுத்துவந்து, தனபாலுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். "நீ கேளு, நான் எழ்தறேன்" என்றார்.

"ஏன் அங்க போனேன்?"

"கீழ ஒர்த்தரு தண்ணி குட்ச்சிகினு இருந்தாரு, அவர இழுக்க ஓடுன."

"ஏன் இழுக்க ஓடுனேன்?"

"கயிறு நைஞ்சி கீதுன்னு ஒனக்குத் தெரியும்."

"எனக்கு எப்டித் தெரியும்?"

சவரி பேனாவை நிறுத்தினார். தாளைப் பார்த்தபடியே சொன்னார், "காலீல நான்தான் ஒங்கிட்ட சொன்னேன்."

எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். என்னிடம் இரண்டு சொல்லுக்கு மட்டும் இங்கிலீஷ் கேட்டார். இருட்டுவதற்குள் ஒரு வாக்கியம் வந்திருந்தது, ஒரே வாக்கியம். பக்கத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதைத் தமிழில் தனபாலுக்குச் சொன்னார். கயிறு நைந்திருப்பது எனக்குத் தெரிந்திருந்தும், காலையில் அதைத் தனபாலிடம் நானே சொல்லியிருந்தும், கப்பல் சாயங்காலம் கிளம்பியாக வேண்டும் என்று மேஸ்திரி கட்டாயப்படுத்தியதால் நான் மூட்டையைத் தூக்கியதாலும், கீழே ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றதைத் தனபால் பார்த்துவிட்டதாலும், அவரை இழுத்துவிட அவன் ஓடியபோதுதான் கயிறு அறுந்து மூட்டைகள் தனபாலின் கால்மேல் விழுந்தன.

தனபால் தாளின் மேல் விரலை வைத்தார். "மொதல்ல கீறத எட்த்துடு மாமு. தெரிஞ்சும் தூக்குனேன்றத எட்த்துடு. ஒன் வேலைக்கே ஒல வச்சிடுவாங்கோ."

"அத்த எட்த்தா மீதி நிக்காதுடா" என்றார் சவரி. "இத்தினி நாளா அத்த எழ்தாம இருக்கத்தான் துண்டு துண்டா எழ்திக்கினு இருந்தேன்."

தனபால் கையை நீட்டினார். சவரி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். லூர்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் அழுதேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் நல்ல மழை. விசாரணை நடந்த அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் லூர்துவும் நானும் நின்றோம். சன்னல் திறந்திருந்தது. விசாரணை அதிகாரி வழுக்கைத் தலையர், தாளை இரண்டு முறை படித்தார். கண்டிராக்டரின் குமாஸ்தா எழுந்தார். "இவ்வளவு நீள வாக்கியம் விஞ்சு ஓட்டறவனுக்கு வருமா சார்? வெளியில நிக்கிற அந்த அம்மா எழுதிக் கொடுத்தது."

அதிகாரி என்னைச் சன்னல் வழியாகப் பார்த்தார். அவர் ஒரு வெள்ளைத்தாளைச் சவரியிடம் தள்ளினார். "இங்கயே, என் முன்னால எழுதுங்க."

சவரி பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் போனது. ஒரு சின்ன வரி எழுதி முற்றுப்புள்ளி வைப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. போயிற்று, பெட்டிக்கே திரும்பிவிட்டார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அவர் குரல் கேட்டது.

"சார், இவன் எனக்கு எதிர்ல குந்திக்கலாமா? இவனப் பாத்தாத்தான் எனக்கு வார்த்த வருது."

குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை, நாற்காலியைத் தாமே நகர்த்திப் போட்டார். தனபால் கட்டையை ஊன்றி வந்து எதிரில் உட்கார்ந்தார். முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சவரி அந்தச் சின்ன வரியை அடித்துவிட்டு ஆரம்பித்தார். முந்தைய நாள் எழுதியதைவிட நீளமாக, நிறையப் பிழைகளோடு, தாளின் அடிவரை போனது. அதில் முந்தைய நாள் இல்லாத ஒன்றும் இருந்ததாம்: "கயிறு அறுந்தபோது தனபால் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான்."

வெளியே வந்தவரிடம் லூர்து, "இன்னா ஆச்சி?" என்றாள்.

"கயிறு தப்பு. மேஸ்திரி தப்பு. இவனுக்கு நஷ்டஈடு உண்டு, வேலையும் உண்டு. எனக்கு ஒரு மாசம் விஞ்சு கெடையாது." எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தார். தனபால் பின்னாலேயே கட்டையைத் தட்டிக்கொண்டு, "இரு மாமு, இரு" என்று போனார்.

பெட்டியை மண்டபத்திலேயே விட்டுவந்தேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டார்கள், மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது லூர்து ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். மணி அடித்ததும் சுற்றி நிற்கிறவர்களில் ஒருவர் "ஏன்?" என்று கேட்க வேண்டும், எழுதியவர் அதற்குத் தனித்தாளில் பதில் எழுத வேண்டும். நானும் எங்கள் பள்ளிக்குப் போனதும் இதையே செய்யப்போகிறேன். தலைவர் சத்தம் போட்டால் போடட்டும்.

நான் கப்பல் ஏறிய அன்று சவரிக்கு வேலை இல்லாததால் வழியனுப்ப வந்தார். தனபாலும் வந்திருந்தார், வாசல் காவலர் இந்தமுறை அவரை உள்ளே விட்டுவிட்டார். நான் மேல்தளத்தின் கம்பியைப் பிடித்து நின்றேன். கீழிருந்து சவரி, முதல்நாள்போலவே தூண்மாதிரி நின்று, இங்கிலீஷில் கூவ ஆரம்பித்தார்.

"டீச்சர், உங்கள் ஊரில் நீங்கள் இறங்கும்போது மழை பெய்தால், லூர்து தகர டப்பாவில் வைத்திருக்கும் கருவாடு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நேற்று வெயில் இல்லாததால் அது சரியாகக் காயவில்லை, என்றாலும் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், டோல்கேட்டில் நீங்கள் பஸ் தள்ளியதைப் பார்க்கவில்லையே என்று தனபால் இன்னமும் வருத்தப்படுவதால், அவன் கால் சரியானதும் நாங்கள் இரண்டு பேரும்..."

கப்பல் சங்கு ஊதியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சொல்லும் இங்கிலீஷ் தெரியாத தனபால் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கரை சின்னதாகி, முகங்கள் சின்னதாகி, கப்பல் திரும்பும்வரை சவரியின் கைகளும் வாயும் அசைந்துகொண்டே இருந்தன. அவர் அந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்ததை நான் பார்க்கவே இல்லை.